கம்பெனி கேட்ட இருபத்தைந்து பங்குகள்

நம் வீட்டுப் பங்குக் கணக்கை ஏன் உங்கள் அம்மா மட்டும் பார்க்கிறாள் என்பதற்கு உங்கள் மாமா உங்களிடம் ஒரு கதை சொல்லியிருப்பார். அந்தக் கதையில் நான் புரோக்கர் ஆபீஸ் வாசல்படியில் உட்கார்ந்து அழுததாக வரும். அது பொய். நான் உட்காரவில்லை. மற்றதெல்லாம் ஏறக்குறைய உண்மை என்பதால், நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஊரடங்கு வந்து கம்பெனி மூடிக் கிடந்தபோது, எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் மொபைலில் டீமேட் கணக்கு திறந்தார்கள். ஸ்பானர் பிடித்த கை சும்மா இருக்காது. நானும் திறந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் பங்கு இருபத்தைந்து வாங்கினேன். ஏன் அந்தக் கம்பெனி என்று கேட்டால், எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கம்பெனி அது ஒன்றுதான். பக்கத்துத் தெருப் பையனுக்கு அங்கே வேலை கிடைத்தபோது அவன் வீட்டில் தெரு முழுவதும் லட்டு கொடுத்தார்கள். வேலை கிடைத்ததற்கே இவ்வளவு லட்டு என்றால் கம்பெனி நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

கணக்கு என் பெயரில். பணம் பாதி என்னுடையது, பாதி அம்மா பேக்கரியில் நின்று சம்பாதித்தது. பின் நம்பர் எனக்கு மட்டும் தெரியும். அந்த நம்பரைத் தட்டும்போது அம்மாவுக்குத் தெரியாமல் போனைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வீட்டில் வேறு எதற்கும் நான் தலைவன் இல்லை.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. எங்கள் பங்குகளை நாங்களே திருப்பி வாங்குகிறோம், கொடுக்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். விலை சந்தை விலையைவிட நன்றாக அதிகம். சின்னப் பங்குதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு. வெள்ளிக்கிழமை தொடங்கி அடுத்த வியாழக்கிழமையோடு முடியும்.

விற்றதை எதற்குத் திருப்பி வாங்குகிறார்கள் என்று உங்களில் பெரியவள் அன்றைக்கே கேட்டாள். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை, சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஒரு கேக்கைப் பத்துத் துண்டு போட்டுப் பத்துப் பேருக்கு விற்றிருக்கிறார்கள் என்று வையுங்கள். கடைக்காரர் இரண்டு பேரிடம் பணம் கொடுத்து அவர்களுடைய உரிமையை வாங்கி அதை ரத்து செய்துவிட்டால், அதே கேக்கு மீதி எட்டுப் பேருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் பெரிய துண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு போன இரண்டு பேருக்கும் நல்ல விலை. கம்பெனி கையில் காசு நிறைய இருந்து, அதைப் புதிதாக எதில் போடுவது என்று தோன்றாதபோது இப்படிச் செய்வார்களாம். இப்போதெல்லாம் பேப்பரைப் பிரித்தால் ஏதாவது ஒரு கம்பெனி தன்னையே வாங்கிக்கொண்டிருக்கிறது.

அம்மா மெயிலை என் தோளுக்கு மேலாகப் படித்தாள். இரண்டு நிமிடம்தான். இருபத்தைந்தையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள் என்றாள். வருகிற லாபத்தில் ஒரு புது கிரைண்டர் வாங்கலாம் என்றும் சொன்னாள்.

உனக்கு ஏலம் தெரியாது என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன விலை உயர்ந்த வார்த்தை அதுதான்.

அம்மா கோபப்படவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே சொன்னாள்: "சரி, உங்க இஷ்டம் போலயே செய்யுங்க. ஆனா இத கோட்ட வுட்டீங்கன்னா, பின் நம்பர எங்கிட்ட குடுத்துடணும். அதுக்கப்பறம் வாங்கறது விக்கறது எல்லாம் நான்தான்."

சரி என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைவு.

என் கணக்கு இதுதான். நம் தெருவில் மாதம் முதல் ஞாயிறு ஏலச்சீட்டு நடக்கிறது அல்லவா, அங்கே நான் பெரிய கை. பணம் யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார். யார் அதிகமாகத் தள்ளுகிறாரோ, அதாவது யார் அதிகமாக விட்டுக்கொடுக்கிறாரோ, அவருக்குச் சீட்டு. அதனால் அங்கே அவசரத்தைக் காட்டினவருக்கு நஷ்டம். நான் போனால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். எனக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வேன். சீட்டுக்காரர் ஒரு தரம் சொல்லி, ரெண்டு தரம் சொல்லி, மூன்றாவதற்கு மூச்சு இழுக்கும்போதுதான் வாயைத் திறப்பேன். அப்படித் திறந்துதான் நம் வீட்டு ஃபிரிட்ஜ் வந்தது.

இங்கே அவசரம் யாருக்கு? கம்பெனிக்கு. கேட்பது அவர்கள்தானே. அப்படியென்றால் நான் மின்விசிறியைப் பார்க்க வேண்டியதுதான். நான்கு நாள் யாரும் கொடுக்காமல் இருந்தால் ஐந்தாவது நாள் விலையை ஏற்றித்தானே ஆக வேண்டும்? விலை முதலிலேயே தீர்மானித்தது, யார் எப்போது கொடுத்தாலும் அதே விலைதான் என்று மெயிலின் நடுவில் எழுதியிருந்ததை நான் படித்தேன். படித்தும் நம்பவில்லை. சீட்டுக்காரரும் முதலில் அப்படித்தான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை புரோக்கரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது, பங்குகளைக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள் என்று. திங்கட்கிழமை இன்னொன்று. செவ்வாய்க்கிழமை ஒன்று. புதன்கிழமை காலையில் நான்காவது, எல்லாம் பெரிய எழுத்தில். ஒவ்வொரு மெசேஜுக்கும் எனக்கு உற்சாகம் கூடியது. பாருங்கள், எப்படிக் கெஞ்சுகிறார்கள் என்று கூட வேலைசெய்கிறவரிடம் காட்டினேன். நான்காவது மெசேஜை முழுவதும் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முதல் வரியைப் பார்த்தவுடனே போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். அதிகம் பார்த்தால் ஆசை வந்துவிடும் என்று பயம்.

அம்மா தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்பாள், கொடுத்தாயிற்றா என்று. பொறு என்பேன். அதற்குமேல் கேட்க மாட்டாள். அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டது எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது யோசித்தால், அவள் கிரைண்டரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு பின் நம்பரை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்.

இதற்கு நடுவில் உங்கள் மாமா. உங்களுக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாமா. முதலில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார், பிறகு இன்சூரன்ஸ், இப்போது மியூச்சுவல் ஃபண்ட் ஏஜெண்ட். மாதம் ஒரு புது ஃபண்ட் வருகிறது, அவரும் மாதம் ஒரு முறை வருகிறார். போன மாதம் மின்சாரக் கார் ஃபண்ட். அதற்கு முந்தின மாதம் ராணுவ ஃபண்ட். அப்போது அவர் நம் கூடத்தில் நின்று நாட்டின் எல்லை நிலவரத்தை விளக்கியதில் காபி ஆறிவிட்டது. இந்த மாதம் டெக்னாலஜி ஃபண்ட். யூனிட் பத்தே ரூபாய், அடுத்த வாரக் கடைசிவரைதான் திறந்திருக்கும், பிறகு இந்த விலைக்குக் கிடைக்காது என்று சொன்னார். கம்பெனி பங்கு வாங்குகிற விஷயத்தை நான் சொன்னதும் அவர் முகம் பிரகாசமானது. அந்தப் பணம் எந்தத் தேதியில் கணக்குக்கு வரும் என்பது என்னைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. வந்ததும் இதில் போட்டுவிடலாம் என்றேன். விற்காத பங்கின் பணத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செலவு செய்து முடித்தோம்.

வியாழக்கிழமை வந்தது. அரை நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போனோடு உட்கார்ந்தேன். சட்டை எதற்கு என்று கேட்காதீர்கள், ஒரு மரியாதை. விலை ஏறவில்லை. பரவாயில்லை, கடைசி நேரம்வரை அவர்களும் முகத்தைக் காட்டாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். எதிராளி கெட்டிக்காரர் என்று ஒரு மதிப்புகூட வந்தது. இரண்டரை ஆனது. மூன்று ஆனது. இனி தாங்காது என்று ஆப்பைத் திறந்து, அந்த இடத்துக்குப் போய், இருபத்தைந்து என்று எண்ணைப் போடப் போனேன். எண் போடுகிற கட்டமே இல்லை. அது இருந்த இடத்தில், காலக்கெடு முடிந்தது என்று சாம்பல் நிறத்தில் இரண்டு வார்த்தை.

போனை அணைத்துத் திரும்பப் போட்டேன். மெஷின் நின்றால் முதலில் அதைத்தான் செய்வோம். சாம்பல் நிறம் மாறவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு புரோக்கர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு நம் பெரியவளைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலமே மூடிட்டோம் சார்."

"இன்னிக்கு வரைக்கும்னு கம்பெனி மெயில்ல போட்ருக்குதே."

"கம்பெனிக்கு இன்னிக்கு வரைக்கும் சார். எங்களுக்கு நேத்து வரைக்கும். எல்லார்கிட்டயும் வாங்கி, நாங்க இன்னிக்கு அனுப்பணும் இல்ல?"

ஒரு தரம், ரெண்டு தரம் என்று யாருமே சொல்லவில்லையே என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. நாலு மெசேஜ் அனுப்பினோமே சார் என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நான்காவது மெசேஜை அங்கேயே நின்று முழுவதும் படித்தேன். இரண்டாவது வரியில் இருந்தது: இன்று மாலையோடு முடிகிறது.

விலை கடைசிவரை ஏறவே இல்லையா என்று இன்னொரு கேள்வியும் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரை வாங்கினேன், உட்காரவில்லை. மாமா சொல்கிற கதையில் இந்த இடம்தான் மாறியிருக்கிறது.

வெளியே வந்து கொஞ்ச நேரம் வண்டியில் சாய்ந்து நின்றேன். சாயங்காலம்வரை காத்திருந்து, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறவளிடம் சொல்வதா, இப்போதே போய்ச் சொல்வதா? வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் இருப்பீர்கள். பேக்கரியில் கூட்டம் இருக்கும், கூட்டத்தில் அம்மா அதிகம் பேச மாட்டாள். அதனால் பேக்கரிக்குப் போனேன். இதையும் புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அங்கே நீள ரொட்டி சூடாக வெளியே வரும். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய ஒயிட் டவுனில் இருக்கிற பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றேன். எனக்கு முன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் ரொட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர், தினமும் வருகிறவர், கையில் துணிப்பை. என் முறை வந்ததும் அம்மா தலை நிமிராமல் என்ன வேணும் என்றாள். பிறகு நிமிர்ந்தாள்.

ரெண்டு ரொட்டி என்றேன்.

அவள் எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, கொடுத்தாயிற்றா என்று கேட்டாள். நேற்றே மூடிவிட்டார்களாம் என்றேன். சுற்றுகிற கை ஒரு நொடி நின்றது, பிறகு முழுவதும் சுற்றி முடித்தது.

பின்னால் இருந்த பெரியவர் என் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அவருக்கு எல்லாப் பெண்களும் மதாம்தான்.

"என்ன மதாம், ஏதாவது பிரச்சனையா?"

ஒரு கம்பெனி பங்கைத் திருப்பி வாங்குகிறது, இவர் கடைசி நாள்வரை காத்திருந்து விட்டுவிட்டார் என்று அம்மா அவரிடம் ஒரே வரியில் சொன்னாள். எந்தக் கம்பெனி என்று அவர் கேட்டார். நான்தான் பெயரைச் சொன்னேன்.

"அதுவா? நான் மொத நாளே குடுத்துட்டனே," என்றார் அவர். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி. குடுத்தாலும் எல்லாத்தையும் எடுத்துக்க மாட்டாங்க. விகிதம் பாத்துதான் எடுப்பாங்க. கொஞ்சம் திரும்பி வந்துடும்."

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அம்மா ரொட்டியை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்குக் கொஞ்சம் திரும்பி வரும் ஐயா. இவருக்கு மொத்தமும் வந்துடுச்சு."

வெளியூர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ரொட்டிக்குக் காசு கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டாள். பின்னால் நிற்கிறவர்களுக்கு வழி விடச் சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்தும் அவள் சண்டை போடவில்லை. ரொட்டியைப் பால் காபியில் தொட்டுச் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கு உட்கார்ந்து செய்வோம் என்று மட்டும் சொன்னாள். எதைச் செய்வோம் என்று நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் கூடத்தில் போனோடு உட்கார்ந்தோம். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பின் நம்பர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அது அவளுடைய பிறந்த தேதி. அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். இதை நம் வீட்டுக்கு வருகிற கேஸ்காரர்கூடக் கண்டுபிடித்துவிடுவார் என்றாள். ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து உங்கள் மாமா வந்தார். கையில் டெக்னாலஜி ஃபண்டின் விண்ணப்பம், எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று பென்சிலால் சின்ன சின்னக் குறி போட்டுத் தயாராக. என்னிடம் நீட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவரும் அம்மாவைப் பார்த்தார். ஆட்சி மாறியது அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

யூனிட் பத்து ரூபாய்தான் அக்கா, இவ்வளவு மலிவாக எங்கேயும் கிடைக்காது என்று ஆரம்பித்தார்.

"பத்தாயிரம் போட்டா எத்தினி யூனிட்டு தருவ?" என்று அம்மா கேட்டாள்.

"ஆயிரம்."

"பழைய ஃபண்டு ஒண்ணு, யூனிட்டு நூறு ரூபான்னு வெச்சுக்க. அதுல பத்தாயிரம் போட்டா?"

"நூறு யூனிட்டு."

"ரெண்டுத்துலயும் என் பணம் பத்தாயிரந்தான?"

"ஆமா."

"அப்ப இதுல மலிவு எங்க வந்துச்சு? ஒரே தேங்காய, நீ பத்து பத்தையா போட்டாலும் நூறு பத்தையா போட்டாலும் தேங்கா ஒண்ணுதாண்டா."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அம்மா விடவில்லை. இந்தப் பணத்தில் இந்த ஃபண்ட் எதை வாங்கும் என்று கேட்டாள். நாட்டில் உள்ள பெரிய டெக்னாலஜி கம்பெனிகளின் பங்கை வாங்கும் என்றார் மாமா. எந்தெந்தக் கம்பெனி என்றாள். அவர் விண்ணப்பத்தோடு இருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பட்டியலில் விரலை வைத்து முதல் பெயரைப் படித்தார். படித்துவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். அது எங்கள் கம்பெனிதான். வியாழக்கிழமை நான் விற்க முடியாமல் திரும்பி வந்தேனே, அதே கம்பெனி.

அம்மா சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. பிறகு நானும் சிரித்தேன். மாமாதான் கடைசியாகச் சிரித்தார். இருபத்தஞ்சு ஏற்கெனவே நம்மகிட்ட இருக்குது, அது போதும் என்று சொல்லி விண்ணப்பத்தை மடித்து அவர் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, அம்மா காபி போடப் போனாள். அடுத்த மாசம் வெள்ளி ஃபண்ட் வருது மாமா என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம் மச்சான் என்றேன்.

அவர் போன பிறகு வேலையை முடித்தோம். ஆப்பை அம்மாவின் போனில் ஏற்றினோம். புது பின் நம்பர் போடும்போது என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். நான்கு தடவை டிக் டிக் என்று கேட்டது. பிறகு சத்தம் இல்லை. பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாக ஆப் சொல்கிறது என்றாள். பதிவு செய்த எண் என்னுடையது. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"இன்னா வந்துருக்குது, சொல்லுங்க."

சுவரைப் பார்த்தபடியே ஆறு எண்களையும் சொன்னேன்.

இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. பேக்கரியில் கூட்டம் குறைகிற மத்தியான நேரத்தில் அவள் எதையாவது வாங்குவாள், எதையாவது விற்பாள். எனக்கு போன் வரும். மூடி மெஷின் சத்தத்தில் காது கேட்காது என்பதால் ஷெட்டுக்கு வெளியே ஓடி வந்து, ஆறு எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே போவேன். எதற்கு என்று கேட்பதில்லை. பதிவு செய்த போன் எண்ணை உன்னுடையதாகவே மாற்றிக்கொள்ளேன் அக்கா, ஒரு ஃபாரம்தான், நானே முடித்துத் தருகிறேன் என்று உங்கள் மாமா அவளிடம் ஒருமுறை சொன்னாராம். வேண்டாம், அவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.